கை என்னும் ஆசான்

மலேசிய நகரங்களில் பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் மாண்டிசோரி என்னும் சொல்லை அடிக்கடி காணலாம். அது ஓர் ஊரின் பெயரன்று, பாடநூலின் பெயருமன்று. இத்தாலி நாட்டில் பிறந்த மரியா மாண்டிசோரி என்னும் பெண் மருத்துவரின் பெயர். குழந்தைகள் செவியால் கேட்டுக் கற்பதைவிடக் கையால் செய்து கற்பதே மிகுதி என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துக்காட்டினார். அவர் தம் வாழ்வின் கடினமான ஆண்டுகளைத் தமிழ்நாட்டில் கழித்தார் என்பது பலரும் அறியாத செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது, அயல்நாட்டுப் பகைவர் எனக் கருதப்பட்ட அவர், கொடைக்கானல் மலையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். அங்கே வீடும் தோட்டமும் மலைப்பாதையும் சிறுவர்களின் வகுப்பறைகளாயின.

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க அதிகாரி. தாய் ரெனில்டே நூல்களை விரும்பிப் படிப்பவர். அக்காலத்தில் பெண்கள் படித்தால் ஆசிரியராகலாம். அதற்குமேல் வேறு வழியில்லை என்று பலரும் எண்ணினர். மரியாவோ கணக்கையும் அறிவியலையும் விரும்பினார். ஆகவே, 13ஆம் வயதில் ஆண்கள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு, மருத்துவம் படிக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. தாய்தான் மகளுக்குத் துணை நின்றார்.

உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது மரியா பல இடையூறுகளைச் சந்தித்தார். இறந்தவர்களின் உடலை அறுத்து ஆராயும் பாடத்தில் ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் இருப்பது முறையன்று என்று கருதப்பட்டது. அதனால், மற்ற மாணவர்கள் சென்ற பிறகு, மாலை வேளையில் அவர் தன்னந்தனியாக அவ்வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. ஆயினும், அவர் பின்வாங்கவில்லை. 1896ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

பட்டம் பெற்றபின் அவர் மனநல மருத்துவமனையொன்றில் பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அங்கே வெறுமையான அறைகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். உணவு வேளை முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடி எடுத்துத் தடவிப் பார்த்தனர். பணியாளர்கள் அதைப் பேராசை என்று நினைத்தனர். மரியாவின் கண்ணுக்கு வேறொன்று புலப்பட்டது. அந்தக் குழந்தைகளின் வயிறு பசிக்கவில்லை. அவர்களின் கைகளே பசித்திருந்தன. தொட்டுப் பார்க்கவும் உருட்டிப் பார்க்கவும் அந்த அறையில் வேறொன்றும் இல்லை.

இத்தார், செகேன் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிய நூல்களை மரியா கண்ணும் கருத்துமாகப் படித்தார். அவர்கள் காட்டிய வழியில், தொட்டும் பொருத்தியும் அடுக்கியும் கற்பதற்குரிய மரப்பொருள்களைச் செய்வித்து அக்குழந்தைகளிடம் கொடுத்தார். அவர்களுள் சிலர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு பொதுத் தேர்விலும் தேறினர். மக்கள் வியந்து பாராட்டினர். மரியாவின் உள்ளத்திலோ ஒரு கேள்வி எழுந்தது. குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு முன்னேறுகிறார்கள் என்றால், நலமாக இருக்கும் குழந்தைகளைப் பள்ளிகள் ஏன் இதே நிலையில் நிறுத்தி வைத்திருக்கின்றன?

அக்கேள்விக்கு விடை தேடும் வாய்ப்பு விரைவில் கிடைத்தது. உரோமாபுரியில் சான் லொரன்சோ என்னும் ஏழை மக்கள் வாழும் பகுதியில் பெற்றோர் விடிந்ததும் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் அடுக்குமாடிப் படிகளிலும் முற்றங்களிலும் கவனிப்பாரின்றித் திரிந்தனர், சுவர்களில் கிறுக்கினர். கட்டட உரிமையாளர்கள் அப்பிள்ளைகளைப் பகல் முழுவதும் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தேடினர். நெகிரி செம்பிலானில் ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று. தாயும் தந்தையும் இருள் பிரியும் முன்னரே பால்மரம் வெட்டச் சென்றுவிட, கைக்குழந்தைகளும் சிறுபிள்ளைகளும் ஆயாக்கொட்டகையில் விடப்பட்டனர். சான் லொரன்சோவிலும் தேவைப்பட்டது அப்படிப்பட்ட ஒரு கொட்டகைதான். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் மரியா அதனைக் குழந்தைகள் இல்லம் என்னும் பெயரில் தொடங்கினார்.

அங்கே சிறியோர் தூக்கி நகர்த்தும் அளவுக்கு இலேசான நாற்காலிகளும் மேசைகளும் இருந்தன. குழந்தைகள் தரையைப் பெருக்கினர், பாத்திரம் கழுவினர், பொத்தான் மாட்டினர், ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு நீரைச் சிந்தாமல் ஊற்றினர். வீட்டில் பெரியவர்கள் செய்யும் வேலைகள் அவர்களுக்குப் பாடங்களாயின. சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் வருடி அவற்றின் வடிவத்தை உணர்ந்தனர். மரியா ஆணையிடுவதைக் குறைத்து, கவனிப்பதை அதிகரித்தார். ஒரு குழந்தை ஒரே வேலையில் ஆழ்ந்திருக்கும்போது குறுக்கிடக் கூடாது என்று உதவியாளருக்குக் கற்பித்தார்.

டிசம்பர் மாதத்தில் வெயில் அடித்த ஒருநாள், மரியா குழந்தைகளை மாடிக்கு அழைத்துச் சென்றார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். சிறுவன் தரையில் அதனை வரைந்தான். பிறகு, மரியா தூண்டவே, அவன் மண்டியிட்டு ஒரு சொல்லை எழுதினான். தனக்கு எழுத வருகிறது என்று அவன் மகிழ்ச்சியில் கூவினான். அதுவரை எவரும் அவன் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. எழுத்துகளை வருடிப் பழகிய விரல்கள் தாமாகவே எழுதத் தொடங்கிவிட்டன. அவன் எழுதிய முதல் சொல், கை என்பதாகும்.

இயற்கையும் மரியாவின் கல்வியில் முதன்மையான இடத்தைப் பெற்றது. குழந்தைகளுக்குப் பாத்தியும் விதையும் வளர்ப்புப் பிராணிகளும் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். விதை ஊன்றிய குழந்தை மறுநாளே செடியை எதிர்பார்க்கும். முளை வரக் காணாமல் வருந்தும். நாள்தோறும் நீர் ஊற்றிக் காத்திருக்கும்போது பொறுமை என்னும் பண்பு தானே வேரூன்றும். தான் மறந்தால் செடி வாடும், பறவை பசியால் துன்புறும் என்பதை உணர்ந்த குழந்தைக்குப் பொறுப்பைப் பற்றித் தனியே அறிவுரை கூறத் தேவையில்லை. செடியே அதனைக் கற்பித்துவிடும்.

மரியாவின் புகழ் நாடு கடந்து பரவியது. அவருடைய நூல்கள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன. எதிர்ப்பும் எழாமல் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914ஆம் ஆண்டு இம்முறையைக் கடுமையாகக் குறைகூறி ஒரு நூல் எழுதினார். குறிப்பிட்ட பொருள்களைக் குறிப்பிட்ட வகையில் மட்டுமே கையாளச் செய்வதால் குழந்தைகளின் கற்பனைக்கும் கூடிப் பழகுவதற்கும் வாய்ப்புக் குறைகிறது என்பது எதிர்த்தோரின் வாதம். இவ்விவாதம் இன்றும் கல்வியாளர்களிடையே தொடர்கிறது.

உலகக் குழந்தைகளுக்காக உழைத்த மரியாவின் சொந்த வாழ்வில் ஆறாத துயரம் ஒன்று இருந்தது. 1898ஆம் ஆண்டு பிறந்த தம் மகன் மரியோவைத் தம்முடன் வைத்து வளர்க்க அன்றைய சமுதாயச் சூழல் அவருக்கு இடந்தரவில்லை. அவன் கிராமத்துக் குடும்பம் ஒன்றிடம் வளர்ந்தான். பதின்ம வயதில்தான் அவன் தாயுடன் வந்து சேர்ந்தான். அதன் பின்னரும், வெளியுலகுக்கு அவன் உறவினன் என்றே நெடுங்காலம் அறிமுகப்படுத்தப்பட்டான். ஆயினும், மரியோ தாயின் வலக்கரமாக விளங்கினார். அவருடைய பணிகள் அனைத்திலும் தோள்கொடுத்தார்.

இத்தாலியில் முசோலினி ஆட்சியைப் பிடித்தபோது, தொடக்கத்தில் அரசாங்கம் மாண்டிசோரி பள்ளிகளை ஆதரித்தது. தாமே சிந்தித்துத் தாமே முடிவெடுக்கும் குழந்தைகளை ஒரு சர்வாதிகாரியால் நெடுநாள் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1934ஆம் ஆண்டில் மரியா இத்தாலியை விட்டு வெளியேறினார்; அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் பணியாற்றிய அவர், 1936இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதால் மீண்டும் இடம்பெயர்ந்து நெதர்லாந்தை அடைந்தார்.

இந்நிலையில், சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அவரை இந்தியாவுக்கு அழைத்தார். 1939ஆம் ஆண்டு இறுதியில், 69ஆம் வயதில், மரியா தம் மகனுடன் சென்னை வந்து சேர்ந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெறத் திரண்டு வந்தனர். அவர்கள் தங்குவதற்கு ஓலைக் குடிசைகள் எழுப்பப்பட்டன. மரியா இத்தாலிய மொழியில் உரையாற்றுவார். மரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கூறுவார். சில மாதங்களில் ஐரோப்பாவுக்குத் திரும்பிவிடலாம் என்று இருவரும் எண்ணியிருந்தனர்.

அந்த எண்ணம் ஈடேறவில்லை. 1940ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இந்தியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால், அங்கிருந்த இத்தாலியர் அனைவரும் பகைநாட்டவராயினர். மரியோ அகமதுநகர் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். மரியா அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. சிறுவயதில் பிரிந்து, பின்னர் அரிதாகப் பெற்ற மகனை மீண்டும் பிரிய நேர்ந்தது. மொழி அறியாத நாட்டில், முதிய வயதில், தம் சொற்களைப் பிறருக்கு எடுத்துரைக்கும் குரலையும் அவர் இழந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மரியாவுக்கு 70 வயது நிறைந்தது. அன்று இந்தியாவின் அரசப் பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுவித்து அனுப்புவதாக அதில் எழுதப்பட்டிருந்தது. அதுவரை உறவினர் என்று வழங்கப்பட்ட மரியோவை அத்தந்தி மகன் என்றே குறிப்பிட்டது. இளமையில் சமுதாயம் கொடுக்க மறுத்த உறவு, போரின் நடுவே ஒரு தந்தியால் அவருக்குக் கிடைத்தது.

1942ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் தாயும் மகனும் கொடைக்கானலில் வாழ்ந்தனர். பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் அது. அதே ஆண்டுகளில் மலாயா ஜப்பானியர் ஆட்சியின்கீழ்ச் சிக்கியிருந்தது. தோட்டத்து மக்கள் அரிசிக்கு வழியின்றி மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் காத்தனர். பலர் சயாம் மரண இரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உலகெங்கும் அழிவு தலைவிரித்தாடிய அக்காலத்தில், கொடைக்கானலில் ஒரு சிறு பள்ளி உருவானது. வெவ்வேறு நாட்டைச் சேர்ந்த குழந்தைகள் அங்கே ஒன்றாகக் கற்றனர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்னும் ஆசிரியை மரியாவுக்கும் மரியோவுக்கும் உதவியாக இருந்தார்.

அப்பள்ளி ஒரு வீட்டைப் போன்றே இயங்கியது. சிறியோரும் பெரியோரும் வயதால் பிரிக்கப்படவில்லை. அண்ணன் செய்வதைப் பார்த்துத் தம்பியும், அக்காளிடம் கேட்டுத் தங்கையும் கற்பதுபோல் அங்கே கல்வி நடந்தது. வெளியே சென்றால் மரங்கள், செடிகள், பூச்சிகள், பாறைகள் எனக் காண்பதற்குக் குறைவில்லை. இலையை முதலில் கையில் எடுத்துப் பார்த்தனர். அதன் விளிம்பை விரலால் தடவினர். அதே வடிவமுள்ள மரச்சட்டத்தில் பொருத்தினர். அதன் பிறகே அவ்வடிவத்தின் பெயரைக் கற்றனர். பொருள் முதலில், சொல் பின்னர் என்பதே அங்கு நிலவிய ஒழுங்கு. பெரிய பிள்ளைகள் செடிகளை வகைப்படுத்தும்போது சிறிய பிள்ளைகளும் ஆவலுடன் அருகில் வந்து அமர்ந்தனர். இது அவர்களின் வயதுக்கு மிஞ்சிய பாடம் என்று பெரியவர்கள் போட்ட கணக்கைக் குழந்தைகளே பொய்யாக்கினர்.

ஒரு செடியை மட்டும் தனியே கற்பித்தால் போதாது என்று மரியா கருதினார். செடிக்கு மண் வேண்டும். மண்ணுக்கு மழை வேண்டும். மழைக்குக் கதிரவனின் வெப்பம் வேண்டும். பூவுக்குத் தேனீயும் தேனீக்குப் பூவும் தேவை. இவ்வாறு உலகில் ஒவ்வோர் உயிரும் மற்றவற்றுக்காக ஒரு பணியைச் செய்கிறது. மனிதன் செய்ய வேண்டிய பணி என்ன என்னும் கேள்வி இதிலிருந்து பிறக்கிறது. இம்முறையை அவர் அண்டக் கல்வி என்னும் பொருளில் பெயரிட்டு அழைத்தார். போரினால் சிதறிக் கிடந்த உலகில், எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைக் குழந்தைகள் சிறுவயதிலேயே உணர வேண்டும் என்பது அவருடைய அவா.

அக்காலத்தில் இந்தியாவில் நடந்ததாக மாண்டிசோரி ஆசிரியர்கள் இன்றும் கூறும் ஒரு நிகழ்ச்சி உண்டு. தங்கள் நாட்டு நாகரிகமே மிகப் பழைமையானது என்று மாணவர்கள் சிலர் பெருமை பேசினர். மரியா அவர்களோடு வாதிடவில்லை. மிக நீளமான கறுப்புத் துணி ஒன்று உருளையில் சுற்றி எடுத்து வரப்பட்டது. அது சாலையில் நெடுந்தூரம் விரிக்கப்பட்டது. அத்துணியின் நீளம் பூமியின் வயதைக் குறித்தது. அதன் கடைக்கோடியில் இருந்த மெல்லிய கீற்று மட்டுமே மனித இனம் தோன்றிய காலம். துணியின் ஓரமாக நடந்து சென்றவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எவருடைய நாகரிகம் மூத்தது என்னும் போட்டி அக்கீற்றுக்குள் அடங்கிப்போனது.

மரியா 1944ஆம் ஆண்டு இலங்கைக்குச் சென்று கொழும்பில் பயிற்சி நடத்தினார். போர் முடிந்தபின், 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மறு ஆண்டு மீண்டும் இந்தியாவுக்கு வந்து 1949 வரை பணியாற்றினார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் 1,000 பேருக்கும் மேற்பட்டவர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் பெயர் அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில், 81ஆம் வயதில் அவர் மறைந்தார். தாயின் பணியை மரியோ தொடர்ந்தார். பின்னாளில் இத்தாலிய அரசு தன் 1,000 லீரா பணத்தாளில் மரியாவின் உருவத்தைப் பொறித்துச் சிறப்பித்தது.

இன்று உலகின் பல நாடுகளில், வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோர் மரியாவின் வழியைப் பின்பற்றுகின்றனர். பள்ளிக்குச் செல்லும் மாணவர்களுக்கும் அவ்வழி பயன் தரும். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமில்லை. ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டத்து வீட்டின் கொல்லைப்புறமே ஓர் ஆய்வுக்கூடம். இரப்பர் மரத்தின் ஓர் இலைக்காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். மரவள்ளியின் இலை விரித்த கையைப்போல் பிளவுபட்டிருக்கும். பார்வைக்கு இரண்டும் வேறு வேறு. ஆனால், இரண்டின் காம்பையும் கிள்ளினால் வெண்பால் கசியும். இரண்டின் காயும் மூன்று அறைகள் கொண்டது; முற்றிக் காய்ந்ததும் வெடித்து விதையைச் சிதறவிடும். இவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவர், இரப்பரும் மரவள்ளியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்னும் உண்மையைத் தாமே நெருங்கிவிடுவார். பாடநூல் அதனை உறுதிப்படுத்தினால் போதும்.

வெயிற்காலத்தில் இரப்பர் காய்கள் படபடவென வெடிக்கும்போது, உடனே பொறுக்கிய விதைகள் பத்தும், பல வாரங்கள் வீட்டில் காய்ந்த விதைகள் பத்தும் ஈரமணலில் ஊன்றப்படலாம். எவை முளைக்கின்றன, எத்தனை நாளில் முளைக்கின்றன என்று நாள்தோறும் குறித்து வந்தால், சில விதைகள் காய்ந்தால் உயிரிழந்துவிடும் என்பது கண்கூடாகத் தெரியும். பால்மரம் வெட்டுவோர் ஏன் விடியற்காலையிலேயே புறப்படுகின்றனர் என்பதும் ஓர் அறிவியல் பாடமே. இரவின் குளிர்ச்சியில் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகிப் பாலின் ஓட்டம் குறையும். தோட்டத்துத் தாத்தாவும் பாட்டியும் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். அவர்களிடம் கேட்டறிவதும், அதற்குரிய காரணத்தைத் தேடுவதும் கல்வியின் இரு பக்கங்கள்.

நாடு இழந்தும், பள்ளிகள் மூடப்பட்டும், மகனைப் பிரிந்தும் மரியா மாண்டிசோரி தம் பணியைக் கைவிடவில்லை. செல்லும் இடமெல்லாம் குழந்தைகள் இருந்தனர். அவர்கள் தொட்டுப் பார்க்க மண்ணும் நீரும் இலையும் இருந்தன. கற்பதற்கு அவையே போதும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செயலில் காட்டிய அவரை, குழந்தைகளின் கைகளுக்கு விடுதலை அளித்த கல்வியாளராக உலகம் போற்றுகிறது.